இரண்டு விரல் இடைவெளியில் நிபுணர் ஆவது எப்படி?

பிரசவம் பார்க்கப் படிப்பு வேண்டும். பிரசவம் ஆனவளுக்கு யோசனை சொல்ல ஒன்றும் வேண்டாம். வாசற்படி ஏறி வந்து குழந்தையின் கையில் ஐம்பது ரூபாயைத் திணித்தால் அந்த உரிமை தானாகக் கிடைத்துவிடும். ஆனால் இப்போதெல்லாம் வெறும் அனுபவத்தை யாரும் மதிப்பதில்லை. "ஆராய்ச்சியிலயே சொல்லியிருக்காங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்தால்தான் எதிரில் இருப்பவள் வாயை மூடுகிறாள். ஆகவே, பிள்ளை பெற்ற வயிற்றைப் பற்றிய நிபுணர் என்று பெயர் வாங்க ஆசைப்படும் அனைவருக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். ஆராய்ச்சி மாணவர், ஜிம் மாஸ்டர், பெல்ட் வியாபாரி, சும்மா இருக்கும் சித்தப்பா, யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்.

என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிறந்து ஒன்பது மாதம் கழித்து சித்தி மகளின் வளைகாப்புக்குப் போயிருந்தேன். பச்சைப் பட்டு. கொசுவம் கொஞ்சம் தூக்கலாகத்தான் நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா வந்து என் கன்னத்தில் சந்தனத்தைப் பூசி, கையைப் பிடித்து இழுத்து, "உனக்கு எத்தனாவது மாசம் கண்ணு? நீயும் ரெண்டு வளையல் போட்டுக்கோ" என்றார். நான் மறுக்கவில்லை. வளையல் பட்டுக்குப் பொருத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பாயில் மல்லாக்கப் படுத்துத் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தேன். தொப்புளுக்கு மேலே நடுவயிற்றில் நீளவாக்கில் ஒரு மேடு எழும்பியது, கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி. தலையைக் கீழே வைத்தால் மேடு மறைந்து அந்த இடத்தில் பள்ளம். மூத்தவன் இதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்னொரு வாட்டி பண்ணு" என்றான். அவனுடைய பொம்மை பஸ் ஏறி இறங்க அது தோதாக இருந்தது.

அன்று ராத்திரியிலிருந்து ஒரு கையில் பால் குடிக்கும் குழந்தை, மறு கையில் போன். சின்னவன் பல் முளைத்து நடக்கத் தொடங்குவதற்குள் நார்வே, போர்ச்சுகல், சுவிட்சர்லாந்து, கனடா என்று பல நாட்டுப் பெண்களின் வயிற்றளவுகள் எனக்கு மனப்பாடம். அதிலிருந்து திரட்டிய தொழில் ரகசியங்கள்தான் இவை.

தொழிலில் இறங்குமுன் சரக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். வயிற்றின் முன்பக்கம் மார்புக்கூட்டிலிருந்து இடுப்பெலும்பு வரை இரண்டு பட்டைத் தசைகள் பக்கம் பக்கமாக இறங்குகின்றன. ஜிம் பையன்கள் கண்ணாடி முன்னால் சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொள்வது இவற்றைத்தான். இரண்டையும் நடுவில் இணைப்பது நாரால் ஆன ஒரு பட்டை. லத்தீனில் லினியா ஆல்பா, அதாவது வெள்ளைக் கோடு. கர்ப்பப்பை வளர வளர இந்தப் பட்டை அகலமாகி மெலிகிறது, தசைகள் இரு பக்கமும் ஒதுங்குகின்றன. டயாஸ்டாசிஸ் ரெக்டை என்பது இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர். எதுவும் கிழிவதில்லை, ஓட்டையும் விழுவதில்லை. ஓட்டை விழுந்து அதன் வழியாகக் குடல் எட்டிப் பார்த்தால் அது ஹெர்னியா, குடலிறக்கம். அந்தக் கட்டி வலித்தாலோ, படுத்தும் உள்ளே போகாமல் இறுகிக் கிடந்தாலோ சர்ஜனிடம் ஓட வேண்டும். அங்கே நம் வித்தை எதுவும் செல்லாது.

முதலில் நோயைத் தயார் செய்யுங்கள்

நல்ல சிகிச்சைக்கு முதல் தேவை நிறைய நோயாளிகள். கவலை வேண்டாம், கிடைப்பார்கள். லிஸ்பனில் பட்ரீசியா மோட்டா குழுவினர் முதல் பிள்ளை சுமந்த 84 பெண்களை ஸ்கேன் வைத்து அளந்து 2015-ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் 35-ஆவது வாரத்தில் தசை விலகியிருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நூற்றுக்கு நூறு. ஒருத்திகூடத் தப்பவில்லை. ஊரில் எல்லோருக்கும் இருக்கும் ஒன்றை நோய் என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம்தான் மூலதனம்.

சரி, எவ்வளவு விலகினால் விலகல்? இங்கேதான் உங்கள் திறமை இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் கெர்ட்ரூட் பீர் குழுவினர் பிள்ளையே பெறாத 150 பெண்களை அளந்து 2009-ல் எழுதினார்கள். அவர்களுக்கும் இடைவெளி இருந்தது. மார்புக்கூட்டின் முனையருகே 15 மில்லிமீட்டர் வரை, தொப்புளுக்கு மூன்று சென்டிமீட்டர் மேலே 22 வரை, தொப்புளுக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே 16 வரை சாதாரணம் என்றார்கள். லிஸ்பன்காரர்கள் தொப்புளுக்குக் கீழே இருக்கும் அந்த 16-ஐ எடுத்துக்கொண்டார்கள். ஓஸ்லோ பக்கத்து ஆய்வொன்றிலோ மில்லிமீட்டரே கிடையாது. தொப்புளிலும் அதற்கு நாலரை சென்டிமீட்டர் மேலும் கீழும் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். எங்காவது இரண்டு விரல் நுழைந்தால் விலகல்.

ஒரே வயிறு ஒரு ஊரில் நோயாகவும் இன்னொரு ஊரில் ஆரோக்கியமாகவும் இருக்க முடியும் என்பது புரிகிறதல்லவா? எது வசதியோ அந்த ஊரில் குடியேறுங்கள்.

விரலைப் போல அருமையான அளவுகோல் வேறில்லை. ஸ்கேன் மெஷின் வாங்க வேண்டாம், பேட்டரி தீராது. ஒருவர் விரல் முருங்கைக்காய், இன்னொருவருக்கு வெண்டைக்காய் என்பதுதான் ஒரே குறை. ஒரே ஆள் மறுபடி மறுபடி அளந்தால் கணக்கு ஓரளவு ஒத்துப்போகிறது, இரண்டு பேர் அளந்தால் அந்த ஒற்றுமை குறைந்துவிடுகிறது என்று மோட்டா குழுவினரே வேறொரு கட்டுரையில் காட்டியிருக்கிறார்கள். இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்: சிகிச்சைக்கு முன்னால் மெல்லிய விரல்காரரை அளக்கச் சொல்லுங்கள், பின்னால் தடித்த விரல்காரரை.

நல்ல நாள் பார்த்துத் தொடங்குங்கள்

இந்தத் தொழிலின் உயிர்நாடி இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

அந்த ஓஸ்லோ பக்கத்து ஆய்வைச் செய்தது யோருன் பாக்கன் ஸ்பெர்ஸ்டாட் குழு. முதல் கர்ப்பத்தில் இருந்த 300 பெண்களைப் பிடித்து, பிள்ளை பிறந்து ஒரு வருஷம் வரை விடாமல் தொடர்ந்து, 2016-ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் 21-ஆவது வாரத்தில் விலகல் இருந்தவர்கள் 33.1 சதவீதம். பிரசவமாகி ஆறு வாரத்தில் 60. ஆறு மாதத்தில் 45.4. ஒரு வருஷத்தில் 32.6. யாரும் எந்தத் தைலமும் விற்காமலே கணக்கு இப்படி இறங்கியிருக்கிறது. அதற்கும் முன்னால், 2008-ல், பிரிட்டனில் கோல்ட்ரன் குழுவினர் பிள்ளை பெற்ற 115 பேரை ஸ்கேனில் பார்த்தபோது, முதல் நாளிலிருந்து எட்டாவது வாரம் வரை இடைவெளி விறுவிறுவென்று சுருங்கி, பிறகு வருஷக் கடைசி வரை ஏறக்குறைய அப்படியே நின்றது.

இப்போது பஞ்சாங்கத்தை எடுங்கள். உங்கள் சிகிச்சையை இரண்டாவது வாரத்தில் தொடங்கி எட்டாவது வாரத்தில் முடிக்க வேண்டும். இந்த முகூர்த்தத்தில் நீங்கள் எதைக் கொடுத்தாலும் கேட்கும். கஷாயம் கொடுங்கள், மூச்சுப் பயிற்சி கொடுங்கள், தினமும் காலையில் மேற்குப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். "ஆறே வாரத்தில் அதிசயம்" என்று போஸ்டர் அடிக்கலாம். காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் பழம் பழுத்த நாளாகப் பார்த்துக் காக்கையைக் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான்.

எட்டாவது மாதத்தில் வருகிறவளை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இவ்வளவு நாள் குறையாதது இனி தானாகக் குறையும் வாய்ப்பு கம்மி. அவளிடம் உங்கள் சாயம் வெளுத்துவிடும். "முன்னாடியே வந்திருக்கணும்மா" என்று உச்சுக்கொட்டி அனுப்பிவிடுங்கள்.

என் அத்தை, அதாவது மாமியார், இந்த முகூர்த்த சாஸ்திரத்தை எந்தக் கட்டுரையும் படிக்காமலே கரைத்துக் குடித்தவர். முதல் பிரசவத்தில் குளிக்க ஊற்றிய மறு நிமிடமே மாமாவின் பழைய எட்டு முழ வேட்டியோடு வந்து நிற்பார். துவைத்துத் துவைத்துப் பூப்போல் ஆன துணி. அதை நான்காக மடித்து முதுகுக்கு அடியில் கொடுத்து, "மூச்சை இழு கண்ணு" என்பார். இழுப்பேன். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு மறு முனையை இரண்டு கையாலும் இழுத்து, இடுப்பு ஓரத்தில் ஒரு செருகு. "இல்லாட்டி வயித்துல காத்துப் பூந்துக்கும். பொறவு வாழ்நாளைக்கும் பானைதான்." இரண்டாவது பிரசவம் ஆபரேஷன். அப்போது வேட்டிக்குப் பதிலாக மெடிக்கல் ஷாப் பெல்ட். ஒட்டும் பட்டையைப் பிய்க்கும்போது பர்ர்ரென்று சத்தம் வரும், தூங்கும் குழந்தை எழுந்துவிடும்.

கனடாவில் இதைச் சோதித்திருக்கிறார்கள். 32 பெண்கள், நான்கு குழு. ஒரு குழுவுக்குப் பயிற்சி, ஒன்றுக்குக் கட்டு, ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு எதுவும் இல்லை. குழுவுக்கு எட்டுப் பேர்தான், முன்னோட்டம் என்று அவர்களே சொல்லிக்கொண்ட சின்ன ஆய்வு. இடைவெளியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. ஆனால் கட்டுப் போட்டவர்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய எண்ணம் கொஞ்சம் மேம்பட்டிருந்தது. படித்ததும் எனக்கு அந்தப் பழைய வேட்டியின் பிடி ஞாபகம் வந்தது. குடல் கழன்று விழுந்துவிடும் போன்ற அந்த முதல் வாரத்தில், இருமும்போது யாரோ தாங்கிப் பிடித்திருப்பது போல அது இருந்தது உண்மை.

அத்தையிடம் ஆய்வு முடிவைச் சொன்னேன். "நான் எப்போ இடைவெளின்னு சொன்னேன்? காத்துன்னுதானே சொன்னேன்" என்றார். காற்றை அளந்த கட்டுரை எதுவும் என் கண்ணில் படவில்லை. அந்த வகையில் அத்தை இன்னும் தோற்கவில்லை.

ஒப்பிட ஆள் வைக்காதீர்கள்

சிகிச்சை பெறாத ஒரு குழுவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் கெட்ட பழக்கம் சிலரிடம் உண்டு. இதில் மோசமானவர்கள் நார்வேக்காரர்கள். ஓஸ்லோவில் உள்ள நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரிப் பேராசிரியர் காரி போ, அவரோடு சேர்ந்து எழுதும் சாண்ட்ரா க்ளூப்பே, இவர்கள் இருவர் பெயரையும் எங்கே பார்த்தாலும் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவது நல்லது.

2018-ல் வந்த அவர்கள் கட்டுரையைப் பாருங்கள். முதல் பிள்ளை பெற்ற 175 பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆறாவது வாரத்திலிருந்து நான்கு மாதம், வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் பயிற்சி. இடுப்பின் அடித்தளத் தசைகளைப் பலப்படுத்துவதுதான் அதன் முக்கிய நோக்கம், வயிற்றுக்கும் பயிற்சிகள் உண்டு. மறு பாதிக்கு ஒன்றும் இல்லை. தொடக்கத்தில் இரு பக்கமும் விலகல் 55 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வருஷக் கடைசியில் இரு பக்கமும் 40-ஐ ஒட்டி. பயிற்சிக் குழுவை மட்டும் பார்த்திருந்தால் 55 எப்படி 40 ஆனது பார் என்று மாலை போட்டிருக்கலாம். அந்தப் பாழாய்ப்போன மறு பாதியை அளந்து காரியத்தைக் கெடுத்துவிட்டார்கள்.

தடை போடுங்கள்

எதைச் செய்யச் சொல்கிறீர்கள் என்பதை வைத்து உங்களை யாரும் மதிக்க மாட்டார்கள். எதைச் செய்யக் கூடாது என்கிறீர்கள் என்பதில்தான் மரியாதை. பூசணிக்காய் கூடாது, குளிர்ந்த தண்ணீர் கூடாது, தலைமாட்டில் ஃபேன் கூடாது என்று நம் வீட்டில் சொல்வார்கள். நவீன நிபுணருக்கும் ஒரு பத்தியம் உண்டு: மல்லாக்கப் படுத்துத் தலையையும் தோளையும் தூக்கும் பயிற்சி கூடாது. கர்ல்-அப் என்று பெயர். செய்தால் நடுக்கோடு பிய்ந்துகொண்டு போய்விடும் என்று நான் போன ஒரு பிசியோதெரபி மையத்தில் அழுத்தமாகச் சொன்னார்கள். படுக்கையிலிருந்து எழும்போதுகூட ஒருக்களித்துக் கையை ஊன்றித்தான் எழ வேண்டும். நான்கு மாதம் கண்ணாடிப் பாத்திரத்தைப் போல என்னை நானே எடுத்து எடுத்து வைத்தேன்.

இங்கேயும் அந்த நார்வேக்காரர்கள். விலகல் இருந்த 38 தாய்மாரைப் படுக்க வைத்து, ஒவ்வொரு பயிற்சியையும் செய்யச் சொல்லி, செய்துகொண்டிருக்கும்போதே ஸ்கேனில் அளந்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. எதைச் செய்யக் கூடாது என்று சொன்னார்களோ அந்தத் தலை தூக்கும் பயிற்சியில் இடைவெளி குறுகியது. எதை நல்லது என்று சொல்லிக்கொடுத்தார்களோ, தொப்புளை முதுகோடு ஒட்டும்படி உள்ளே இழுப்பதும் அடித்தளத் தசையை இறுக்குவதும், அதில் இடைவெளி கொஞ்சம் கூடியது. அந்த நொடியில் நடப்பதுதான் நீண்டகாலத்திலும் நடக்கும் என்று அர்த்தமில்லை. அதனால் அதையும் விடாமல் சோதித்தார்கள். பிரசவமாகி ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் ஆன 70 பெண்கள். பாதிப் பேர் தடை செய்யப்பட்ட அதே பயிற்சிகளை நாளுக்குப் பத்து நிமிடம், வாரம் ஐந்து நாள், பன்னிரண்டு வாரம் வீட்டில் செய்தார்கள். 2023-ல் வந்த முடிவின்படி இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வயிற்றுத் தசையின் பலம் மட்டும் கூடியது. எதுவும் பிய்ந்துகொண்டு போகவில்லை.

நான்கு மாதம் ஒருக்களித்து எழுந்தவளுக்கு இதை நள்ளிரவு இரண்டு மணிக்குப் படிக்கும்போது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நேரே எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

கனம் தூக்காதே என்பது இன்னொரு தடை. இதற்காவது ஒரு துரும்பு ஆதாரம் இருக்கிறது. ஸ்பெர்ஸ்டாட் ஆய்வில், வாரத்துக்கு இருபது முறையோ அதற்கு மேலோ கனமானதைத் தூக்குவதாகச் சொன்னவர்களிடம் விலகல் கூடுதலாக இருந்தது. தூக்கியதால் விலகியதா, வேறு காரணமா என்பதை அந்த மாதிரி ஆய்வால் சொல்ல முடியாது. ஆனால் வாரத்துக்கு இருபது என்ற கணக்குதான் என்னை உட்கார வைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலண்டர் ஓரத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். சின்னவனைத் தூளியிலிருந்து எடுத்தது, இடுப்பில் வைத்தது, இறக்கியது, அழுததால் மறுபடி எடுத்தது. குளியலறைக்கு வெந்நீர் வாளி. மாவு கிரைண்டர் கல். "தம்பிய மட்டும் தூக்குற" என்று மூத்தவன் மூக்கை உறிஞ்சியதால் அவனை ஒரு தடவை, பதினெட்டு கிலோ. காலை ஒன்பதரைக்கு இருபத்திரண்டு கோடு. வாரக் கணக்கைக் காலைப் பலகாரத்துக்கு முன்னால் முடித்துவிட்டேன். நிபுணர் ஆக விரும்பும் நீங்கள் "கனம் தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று அறையை விட்டு வெளியேறிவிடுங்கள். "அப்போ யார் தூக்குவாங்க?" என்ற கேள்வி வரும்.

எதை அளக்கிறோம் என்று யோசிக்காதீர்கள்

டயான் லீயும் பால் ஹாட்ஜஸும் 2016-ல் எழுதிய கட்டுரையைத் தயவுசெய்து படிக்காதீர்கள், தூக்கம் போய்விடும். கர்ல்-அப் செய்யும்போது இடைவெளி குறுகுகிறது என்பதை அவர்களும் பார்த்தார்கள். கூடவே, விலகல் உள்ளவர்களுக்கு அந்த நடுக்கோடு அப்போது நெளிந்து தொய்வதையும் பார்த்தார்கள். ஆழத்தில் இருக்கும் குறுக்குத் தசையை முதலில் இறுக்கிவிட்டுத் தலையைத் தூக்கினால் இடைவெளி அவ்வளவாகக் குறுகவில்லை, ஆனால் கோடு அவ்வளவாக நெளியவும் இல்லை.

எங்கள் ஊர்க் கயிற்றுக் கட்டிலை வைத்து இதைப் புரிந்துகொண்டேன். இரண்டு பக்கச் சட்டத்தையும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கிப் பிடியுங்கள். இடைவெளி குறையும். நடுவில் கயிறு தொய்ந்து தொங்கும், படுத்தால் முதுகு தரையில் இடிக்கும். சட்டம் கொஞ்சம் அகலமாகவே இருந்தாலும் கயிறு விறைப்பாக இருந்தால் இரண்டு பேர் உட்காரலாம். படுப்பவனுக்குக் கயிறு முக்கியம். அளப்பவனுக்குச் சட்டம்தான் கைக்கு எட்டுகிறது. மேலே சொன்ன பெரும்பாலான ஆய்வுகளில் சட்டத்தைத்தான் அளந்திருக்கிறார்கள். லீ, ஹாட்ஜஸ் சொல்வதுதான் சரி, நார்வேக்காரர்கள் சொல்வது தவறு என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு கட்சிக்கும் ஆள் இருக்கிறது. என் வயிறு மட்டும் கயிற்றுக் கட்சி.

அந்தப் பெண்ணிடம் என்ன கஷ்டம் என்று கேட்பதையும் தவிர்த்துவிடுங்கள், விஷயம் கையை மீறிப் போய்விடும். விலகினால் முதுகுவலி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த "உண்மை". அந்த 300 பேர் ஆய்வில் ஒரு வருஷம் கழித்துக் கேட்டபோது, விலகல் உள்ளவர்களுக்கு இடுப்பு, முதுகு வலி மற்றவர்களைவிட அதிகமாக இருக்கவில்லை. அதே சமயம், ஒரு வருஷமான தாய்மாரைக் கனடாவில் சோதித்தபோது, விலகல் உள்ளவர்களுக்கு உடம்பைத் திருப்பும் பலம் குறைவாக இருந்தது. வலி இல்லை, பலம் இல்லை. எனக்கும் அப்படித்தான். குனிந்து பாத்திரம் தேய்த்துவிட்டு நிமிரும்போது நடுவில் ஆளே இல்லாத மாதிரி ஒரு வெறுமை. இதற்கு மில்லிமீட்டரில் கணக்கு இல்லை என்பதால் ஆய்வுப் படிவத்தில் எழுத இடமும் இல்லை.

அறுவை சிகிச்சை

இது உங்கள் தொழிலுக்குப் போட்டி, சீக்கிரம் கடந்துவிடலாம். விலகிய தசைகளின் உறையை நடுவில் இழுத்து மடித்துத் தைக்கிறார்கள். ஸ்வீடனில் பயிற்சி செய்தும் சரியாகாத 60 பெண்களுக்கு இப்படித் தைத்து ஒரு வருஷம் கழித்துக் கேட்டபோது உடம்பின் நடுப்பகுதி வேலை செய்வதும் வாழ்க்கைத் தரமும் பெரும்பாலோருக்குத் தேறியிருந்தன என்று 2019-ல் எழுதினார்கள். ஒப்பிட மறு குழு இல்லை, ஆகவே காக்கையும் பனம்பழமும் இங்கேயும் ஞாபகத்தில் இருக்கட்டும். பிரசவமாகி நீண்ட நாள் ஆனவர்கள் என்பதால் பழம் தானாக விழுந்திருக்கும் வாய்ப்பு குறைவுதான். இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடச் சொல்வார்கள். தைத்ததை அடுத்த கர்ப்பம் மறுபடி இழுக்கும்.

முடிவுரை எழுதும் முறை

உங்கள் கட்டுரை எப்படிப் போயிருந்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: "மேலும் ஆய்வுகள் தேவை." இதில் பொய் எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2014-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது தேறியது எட்டு, மொத்தம் 336 பெண்கள். கர்ப்பத்தில் உடற்பயிற்சி செய்தவர்களிடம் விலகல் குறைவாகத் தெரிந்தது, ஆனால் ஆய்வுகளின் தரத்தை வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை என்றார்கள். ஏழு வருஷம் கழித்து, சீட்டுக் குலுக்கிச் செய்த சோதனைகளை மட்டும் க்ளூப்பே குழு தொகுத்தது. ஏழு சோதனை, 381 பெண்கள். குறுக்குத் தசைப் பயிற்சியால் இடைவெளி சராசரியாக 6 மில்லிமீட்டர் குறையலாம், ஆதாரத்தின் தரம் தாழ்ந்தது. அந்த 6-ம் ஒரு பக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம் வரை நீளும் 6.

381 பேர். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்தன்று முதல் பந்தியிலும் இரண்டாம் பந்தியிலும் இவ்வளவு பேர் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். அவ்வளவு பெண்களின் வயிற்றை வைத்துத்தான் உலகத்துக்கே யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறோம். நீங்களும் தாராளமாகச் சொல்லலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை, "உன் ஆராய்ச்சி என்னாச்சு கண்ணு?" என்று கேட்டார். பாயில் படுத்துத் தலையைத் தூக்கி நானே அளந்து காட்டினேன். இரண்டு விரல். "தள்ளு" என்று சொல்லி அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வருஷம் பால் கறந்த விரல்கள். தொப்புளுக்கு மேலே அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டு எங்க இருக்குது? ஒண்ணுகூடச் சரியாத் தேறாது. எல்லாம் அந்த வேட்டி செஞ்ச வேலை."

"ரெண்டாவதுக்கு பெல்ட்தானே அத்தை போட்டோம்?"

"மொதப் புள்ளைக்குக் கட்டுனது" என்றார்.

மூத்தவன் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து தன் விரல்களை வைத்துப் பார்த்தான். நான்கு என்றான்.